பன்னிரண்டு காதல் பாடல்களும் ஒரு சிஸ்டரும்

பாட்டை ரசிப்பவர்களால் உலகத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ரசித்ததை வரிசைப்படுத்தி, தலைப்பு வைத்து, அடுத்தவர் காதில் ஊற்றுகிறவர்களால்தான் தொல்லை. நான் இரண்டாவது ரகம். மழைக்கு ஒரு தொகுப்பு, காபிக்கு ஒன்று, அடையாறு சிக்னலில் காத்திருக்க ஒன்று. எல்லாவற்றிலும் கொஞ்சம் ஜாஸ், கொஞ்சம் லத்தீன் அமெரிக்கப் பாட்டு, கொஞ்சம் நம்ம சினிமாப் பாட்டு. (ஸ்பானிஷ் தெரியுமா என்று கேட்காதீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

நானும் ஆல்பர்ட்டும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்திருந்த நேரம். மயிலாப்பூரில் என் வீட்டார் அழுது முடித்துச் சம்மதித்துவிட்டார்கள். சாந்தோமில் அவன் அம்மா ரோஸ்லின் டீச்சர்தான் பாக்கி. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. நான்கு மாதமாக "பார்க்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"அம்மா அப்பாவோட நாற்பதாவது கல்யாண நாள் வருது. பாட்டுப் பொறுப்பை நீ எடுத்துக்கோ. அம்மா உருகிடுவாங்க" என்றான் ஆல்பர்ட். (பாவி.)

மூன்று வாரம் உழைத்தேன். 'இல்லறத்தின் இனிமை', மொத்தம் பன்னிரண்டு பாட்டு. குரல் குழைந்தால் அது காதல் பாட்டு என்பது என் கண்டுபிடிப்பு.

"அர்த்தம் என்னன்னு ஒரு தடவை பார்த்துடேன்."

"இசைக்கு மொழி கிடையாது ஆல்பர்ட்" என்று அவன் வாயை அடைத்தேன். அப்படிச் சொன்ன என் வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே அறையத் தோன்றுகிறது.

பங்குக் கோயில் ஹால் நிறைந்திருந்தது. சும்மா பாட்டைப் போட்டிருக்கலாம். மைக்கைப் பிடித்து, "ஒவ்வொரு பாட்டும் கணவன் மனைவி அன்பைச் சொல்வது" என்று அறிவிப்பு வேறு செய்தேன்.

முதல் பாட்டு ஸ்பானிஷ். டீச்சர் கணவருக்கு கேக் ஊட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மடத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான சிஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன சிஸ்டர்?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல ரோஸ்லின். பொலிவியாவுல பதினெட்டு வருஷம் இருந்தேன்ல, பாஷை புரியுது."

"அப்போ எல்லாருக்கும் சொல்லுங்களேன்!" டீச்சரே மைக்கைக் கொடுத்தார்.

"'நீ போனதுலேர்ந்துதான் நான் நிம்மதியா சாப்பிடுறேன்'னு புருஷன் பாடுறான்."

கணவரின் வாயில் பாதி கேக் நின்றது.

இரண்டாவது பாட்டு. "இது பொண்டாட்டி. 'வீட்டுச் சாவியை மேஜைமேல வெச்சுட்டுக் கிளம்பு'ங்கறா." மூன்றாவதில் மாமியாரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். நிறுத்தலாமென்று ஓடினால் ஆல்பர்ட்டின் லேப்டாப் பூட்டிக்கிடந்தது. பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனோ பிரியாணி அண்டா பக்கம் காணாமல் போயிருந்தான்.

ஜாஸ் வந்தால் பிழைத்தேன் என்று நினைத்தேன். ஹாலில் பாதிப்பேர் இங்கிலீஷ் டீச்சர்கள். பாடுகிறவளின் புருஷனுக்கு இரண்டு குடும்பம் என்று அவர்களே பக்கத்து நாற்காலிக்கு விளக்கினார்கள். சரி, தமிழாவது காப்பாற்றும்? நம் சினிமாவில் ஒரே மெட்டில் சந்தோஷப் பாட்டும் இருக்கும், சோகப் பாட்டும் இருக்கும். நான் சேர்த்திருந்தது கதாநாயகி செத்த பிறகு வருவது.

கல்யாணம் போச்சு என்று தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அப்போது ஒரு சத்தம். டீச்சரின் கணவர் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், அந்த ரெண்டாவது பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க!"

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார். "நாற்பது வருஷத்துல இவர் வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. ஞாயித்துக்கிழமை உங்க அப்பா அம்மாவை வரச் சொல்லு." இரண்டடி நடந்து திரும்பினார். "பாட்டு எதுவும் கொண்டு வர வேணாம்."

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது. இன்றும் டீச்சர் சண்டையை ஆரம்பித்தால் மாமா எழுந்துபோய்ச் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். வீடே சிரிக்கிறது. திட்டு மட்டும் எனக்குத்தான் விழுகிறது.