கால்பந்துக்கு ஒரு வாய்தா

வண்டலூர் நெரிசலில் வேன் மாட்டிக்கொண்டது என்று போன் வந்ததும் ஏகநாதன் தன் கால்பந்து அணியை விரல்விட்டு எண்ணினார். வேனில் நாலு ஆட்டக்காரர்கள். தாம்பரம் மைதானத்தில் கைவசம் ஏழே பேர்.

"ஏழு பேர் போதும் சார். அதுக்குக் கீழ போனாத்தான் ஆடாமலே தோல்வி," என்று நடுவர் ஞானஜோதி விசிலை எடுத்தார்.

போதுமாவது! அணியின் முதலாளி, மீன் வியாபாரி துலுக்காணம் காலையிலேயே சொல்லிவிட்டார்: "இன்னா வக்கீலே, இன்னிக்குத் தோத்தா நீ பழையபடி கோர்ட்டுக்கே போய்க்கோ."

பழையபடி எப்படிப் போவது? துலுக்காணத்தின் நிலத் தகராறை வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடித்த திறமைக்குத்தான் இந்த அணி நிர்வாகி வேலையே கிடைத்தது. கிடைத்த குஷியில் கறுப்புக் கோட்டை மச்சானுக்குத் தானம் பண்ணிவிட்டார் மனுஷன்.

"அப்ஜெக்‌ஷன்! பந்துல காத்து கம்மி!" என்று வேன் வரும்வரை இழுத்தடிக்க ஆரம்பித்தார் ஏகநாதன்.

பம்பு வந்தது. ஊசி பந்துக்குள்ளேயே முறிந்து, பந்து புஸ்ஸென்று அடங்கியது. எதிரணியிடம் இரவல் கேட்க வேண்டியதாயிற்று.

பந்தோடு வந்த செல்வமேரி, சிங்கப்பெருமாள் கோவில் அணியின் மேனேஜர், தயங்கினார். "சார், ஒரு விஷயம்..."

"இருங்க மேடம், வாதாடிக்கிட்டு இருக்கேன்ல!" என்று அவரை அடக்கிவிட்டு நடுவர் பக்கம் திரும்பினார். "ரெண்டு டீமும் மஞ்சச் சட்டை. எப்படி அடையாளம் தெரியும்?"

"நியாயம்தான். நீங்க மாத்திக்குங்க."

அட கஷ்டமே! மாற்றுச் சட்டைக்கு எங்கே போவது? துலுக்காணத்தின் காரில் கடை விளம்பரத்துக்கு அடித்த நீல பனியன்கள் கிடந்தன. சொல்லி வைத்தாற்போல் ஏழு. முதுகில் 'இன்று வஞ்சிரம் உண்டு'. தேடி எடுத்து மாட்டி முடிப்பதற்குள் வேனே வந்துவிட்டது.

"ஜெயிச்சோம்டா!" என்று ஏகநாதன் குதித்தார்.

"மஞ்சச் சட்டைக்காரங்க இறங்கக் கூடாது. உங்க அப்ஜெக்‌ஷன்தானே சார்?" என்றார் ஞானஜோதி.

நாலு பேரும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டினார்கள். உள்ளே ஏழு வஞ்சிரமும் ஓடி ஓடி வதங்கி, அஞ்சு கோல் வாங்கி மானத்தை வாங்கின.

"பேஜார் பண்ட்டியே வக்கீலே! வூட்டுக்குப் போ," என்று துலுக்காணம் காரைக் கிளப்பினார்.

தலையில் கை வைத்து உட்கார்ந்த ஏகநாதனிடம் செல்வமேரி ஓடி வந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்! எங்க பசங்க பாதிப் பேர் ரயில்ல மாட்டிக்கிட்டாங்க, அப்போ எங்ககிட்ட ஆறே பேர்தான். தோல்வியை ஒத்துக்கத்தான் வந்தேன், நீங்கதான் வாய்தா வாங்கிக் குடுத்தீங்க!"