எரிந்துபோன மோட்டாரும் வெள்ளை அம்பாசிடரும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம்.

தனக்கு மிகவும் வேண்டிய ஒன்றை எடுத்துக் கொடுப்பவன் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போகிறான். தனக்கு வேண்டாததைக் கொடுப்பவனுக்குத்தான் மாலை, பேனர், புகைப்படக்காரர் எல்லாம் தேவைப்படுகின்றன. இவ்வுண்மையை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. சிதம்பரம் தெற்கு வீதியில், நண்பகல் வெயிலில், ஒரு காருக்குள் அமர்ந்தபடி கற்றுக்கொண்டேன்.

அடியேன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வார இதழ்களையும் பத்திரப் பதிவு ஆவணங்களையும் படித்தே என் தமிழை வளர்த்துக்கொண்டேன். (படித்தால் தெரியும்.) கடலூர் மஞ்சக்குப்பத்தில் பம்புசெட்டு மோட்டார் விற்கும் கடை வைத்துப் பிழைத்து, பிறகு அதனை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்குப் புகழ் மீது ஆசை வரும். எனக்கும் வந்தது. அப்போது எனக்கு வயது அறுபத்தேழு. இளமைத் துடுக்கு என்று தாங்கள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றிருந்தது. நின்றிருந்தது என்பது மரியாதைக்காகச் சொல்வது. உட்கார்ந்திருந்தது என்பதே சரி. நான்கு சக்கரங்களிலும் காற்றில்லை. பின்னிருக்கையில் பூனை குட்டி போட்டிருந்தது. என் மனைவி அஞ்சலாட்சிக்கு வடாம் காயப்போட அந்த இடம் வேண்டும். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பூனைக்கு வாடகை வாங்கினால் அதிகம் கிடைக்கும் என்ற கருத்தைச் சொல்லிச் சென்றார்.

இந்நிலையில்தான் சிதம்பரத்தில் உள்ள பார்வையற்றோர் இல்லம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வேண்டாத வண்டி எதுவானாலும், எந்த நிலையில் இருந்தாலும் பெற்றுக்கொள்வார்களாம். அதைப் பழைய வண்டி வியாபாரியிடம் விற்று, வரும் தொகையை இல்லத்துச் செலவுக்குப் பயன்படுத்துவார்களாம். உடனே தொலைபேசியில் பேசினேன்.

மறுமுனையில் பேசியவர் இல்லத்தின் காப்பாளர் மாலிக். பரங்கிப்பேட்டைக்காரர், அவரும் பார்வையற்றவரே. மிகத் தெளிவாக விஷயத்தைச் சொன்னார். இல்லத்துக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. பிள்ளைகள் குளிக்கவும் துவைக்கவும் கயிற்றில் வாளி கட்டி இறைக்கிறார்கள். இரண்டு பேர் கை தோல் உரிந்து கிடக்கிறார்கள். கார் விற்ற பணம் வந்தால் புது மோட்டார் வாங்கிவிடலாம். புதுச்சேரி வியாபாரி வெள்ளிக்கிழமை வருகிறார், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார், அதை விட்டால் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. இல்லத்திலிருந்தே ஆள் அனுப்பிக் காரை இழுத்துக்கொள்வார்கள். நான் சாவியைக் கொடுத்தால் போதும்.

சாவியைக் கொடுத்தால் போதுமாம்! அதில் கொடையாளியின் முகம் எங்கே தெரியும்? கொடுப்பவர் தம் கையாலேயே ஓட்டி வந்து ஒப்படைப்பதுதான் மரபு என்று அறிவித்துவிட்டேன். எந்த மரபு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அன்று இரவு சாப்பிடும்போது அஞ்சலாட்சி ஒன்று சொன்னாள்.

"ஏங்க, அவுங்க கேக்கறது மோட்டாரு. நம்ம கடையில இருக்கறதும் மோட்டாரு. ஒண்ண எடுத்துக் குடுத்துட்டு, இந்தக் கார இரும்புக்குப் போட்டா ஆவாதா?"

அவளுக்கு உலகம் தெரியவில்லை என்று வருந்தினேன். மோட்டாருக்கு மாலை போட்டு ஊர்வலம் போக முடியுமா? மோட்டார் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்தால் விளம்பரம் என்பார்கள். கார் என்றால் கொடை. இவ்வாறு விளக்கினேன். அவள் ரசம் ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

அதன்பின் நடந்ததைத் தாங்கள் நம்பமாட்டீர்கள். நசுக்கி இரும்பாக்கப்படவிருந்த ஒரு காருக்குப் புது பேட்டரி, புது டயர், பெயிண்ட், இருக்கை உறை அனைத்தும் போட்டேன். அந்தச் செலவில் எங்கள் கடையிலேயே நல்ல மோட்டாராக இரண்டு வாங்கியிருக்கலாம் என்று மகன் முணுமுணுத்தான். (கடையை உன்கிட்ட குடுத்ததே தப்புடா என்றேன்.) முன்புறம் கட்ட ஃபிளக்ஸ் பேனர் அடித்தேன். என் முகம் பெரிதாக, சற்றே நிறம் கூட்டப்பட்டு. கீழே, 'பார்வையற்றோரைக் கரம்பிடித்து அழைத்துச் செல்லும் கருணை வள்ளல்'. யாருக்காக இந்த பேனர், அதை அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்ற கேள்வி என் மனதில் ஒரு கணமும் எழவில்லை. நான்கு பக்க உரையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மெக்கானிக் வந்து காரை உயிர்ப்பித்தார். "ஐயா, ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. போற வரைக்கும் ஆஃப் பண்ணிடாதீங்க. ஆஃப் பண்ணா மறுபடி எடுக்கறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூசை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நிமிர்ந்தபோது மணி பத்தரை. ராகு காலம் தொடங்கிவிட்டது.

இங்கேதான் என் அறிவு முழு வீச்சில் வேலை செய்தது. ராகு காலத்தில் தானம் புறப்படக் கூடாது. மெக்கானிக் சொன்னபடி இஞ்சினை நிறுத்தவும் கூடாது. ஆகவே கார் நின்ற இடத்திலேயே, மாலையும் கழுத்துமாக, பன்னிரண்டு மணி வரை உறுமிக்கொண்டே இருந்தது. தெருவே இருமியது. என் மைத்துனன் கலியபெருமாள் முன்னிருக்கையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "மச்சான், ராகு நம்மள ஒண்ணும் பண்ணல. நீதான் காரப் போட்டுப் பொரிக்கற" என்றான்.

பன்னிரண்டு அடித்ததும் புறப்பட்டோம். பின்னிருக்கையில் அஞ்சலாட்சி, பூனை இருந்த இடத்தில். ஆலப்பாக்கம் தாண்டும்வரை கார் ராஜநடை போட்டது. முட்லூரில் ரேடியேட்டர் கொதித்து, முன்புறம் ஆவி கிளம்பியது. இஞ்சினை நிறுத்தாமலே தண்ணீர் ஊற்றி, கையைச் சுட்டுக்கொண்டு, வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தோம். சிதம்பரம் ஊருக்குள் நுழைந்து தெற்கு வீதியில் திரும்பியதும், வண்டிக்குள்ளிருந்து யாரோ பாத்திரக் கடையைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம். அதோடு சரி. இஞ்சின் மறுபடி எடுக்கவில்லை. மணி ஒன்றரை.

கலியபெருமாள் மாலிக்குக்குப் போன் செய்தான். இல்லம் இரண்டு தெரு தள்ளித்தான். "அங்கியே இருங்க, பசங்க வர்றாங்க" என்றார் அவர். சிறிது நேரத்தில் ஏழெட்டு இளைஞர்கள், முன்னால் ஒருவர் வெள்ளைக் கோலைத் தட்டி வர, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்து சேர்ந்தார்கள். தத்தம் கையிலிருந்த கோல்களை அஞ்சலாட்சியின் மடியில் அடுக்கினார்கள். அவள் இறங்குவதாகச் சொன்னதற்கு, "நீங்க உக்காருங்கம்மா, கோல பாத்துக்குங்க" என்றார்கள். தள்ளத் தொடங்கினார்கள். கலியபெருமாளும் இறங்கித் தள்ளினான். ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டுமல்லவா? அந்தக் கடினமான பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

தாங்கள் இந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேர் ஓடும் வீதி. மாலை போட்ட வெள்ளை அம்பாசிடர். உள்ளே பட்டு வேட்டியில் நான். பின்னால் பார்வையற்ற பிள்ளைகள் மூச்சு வாங்கத் தள்ளுகிறார்கள். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "என்னா, இந்த வருஷம் தேர சின்னதா பண்ணிட்டாங்களா?" என்று பக்கத்துக் கடையில் விசாரித்தார்.

தள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன் கேட்டான். "முன்னாடி என்னமோ படபடன்னு அடிச்சிக்குதே, அது என்னாண்ணே?"

கலியபெருமாள் இருமுவதுபோல் பாவனை செய்து சமாளித்தான். அந்த நன்றியை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனால் டீக்கடைக்காரர் ஒருவர் உதவும் குணம் படைத்தவராக இருந்தார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, பேனர் முழுவதையும் உரக்க, நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். கரம்பிடித்து. அழைத்துச் செல்லும். கருணை வள்ளல்.

கார் நின்றுவிட்டது. முதலில் சாலையில் பள்ளம் என்று நினைத்தேன். பிறகு கண்ணாடியில் பார்த்தால், பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கி ஒருவன் காரில் கை வைப்பான். இன்னொருவன் மெதுவாக "கரம்பிடித்து" என்பான். மறுபடி அனைவரும் கீழே. கலியபெருமாள் டிக்கி மேல் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினான். என் பின்னாலிருந்தும் வெள்ளைக் கோல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அஞ்சலாட்சி சிரிப்பை அடக்கினால் மடி குலுங்கும்.

இல்லத்து வாசலை அடைந்தபோது இரண்டரை. வியாபாரி போய்விட்டிருந்தார்.

கிணற்றடியில் மாலிக் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு சிறுவன் கைவிரல்களில் துணி சுற்றிக்கொண்டு வாளி இறைத்துக்கொண்டிருந்தான். தள்ளி வந்த பிள்ளைகளின் சிரிப்பு அங்கே நின்றுபோயிற்று. அன்று மாலைக்குள் மோட்டார் வந்துவிடும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். நான், அந்த நேரத்திலும், சட்டைப் பையில் கை வைத்து உரையை எடுத்தேன். அஞ்சலாட்சி அதை வாங்கி நான்காக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாலிக் கோபப்படவில்லை. டீ சொல்லி அனுப்பினார். "பரவால்லீங்க. வெயிலு ஜாஸ்தி, உக்காருங்க. போன்ல ஏதோ கடை வச்சிருந்தேன்னு சொன்னீங்களே, என்னா கடைங்க ஐயா?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

நான் கிணற்றைப் பார்த்தேன். கிணறு ஆழமாக இருந்தது. குதிக்கலாமா என்றுகூட யோசித்தேன். என்னையும் அவர்கள்தானே கயிறு போட்டு இறைக்க வேண்டும்?

கலியபெருமாள்தான் பதில் சொன்னான். "பம்புசெட்டு கடைங்க. மோட்டாரு."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மாலிக் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்தார்.

"அப்ப காரு எதுக்குங்க?" என்றார்.

ஐயா, அம்மா, என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். விற்பனை வரி அதிகாரிகூடக் கேட்டிருக்கிறார். இதற்கு மட்டும் இன்றுவரை விடை கண்டுபிடிக்க முடியவில்லை.

அஞ்சலாட்சி மகனுக்குப் போன் செய்தாள். பொழுது சாய்வதற்குள் எங்கள் கடை வண்டியில் மோட்டார் வந்து இறங்கியது. மாலை இல்லை, பூசை இல்லை. நல்ல நேரமா என்று யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் குழாயில் பாய்ந்து வந்தபோது பிள்ளைகள் தலையை நீட்டி நனைந்தார்கள். மழைக்கு மோட்டாரை எதைக்கொண்டு மூடுவது என்று பேச்சு வந்ததும், அஞ்சலாட்சி காரிலிருந்து பேனரை அவிழ்த்துக் கொடுத்தாள். நிறம் கூட்டப்பட்ட அந்த முகம் முதன்முறையாக ஒரு பயனுக்கு வந்தது. காரைப் பிறகு ஒருநாள் வியாபாரி வந்து இழுத்துக்கொண்டு போனார்; அவர் கொடுத்த பணத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள்.

இப்போதும் அந்த இல்லத்தில் காலையில் மோட்டார் போடச் சொல்வதென்றால், "வள்ளல தட்டி விடுடா" என்பார்களாம். எங்கள் வீட்டில் வேறு மாதிரி. முழங்கால் வலியால் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் நான் தவிக்கும்போதெல்லாம் அஞ்சலாட்சி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"சிதம்பரத்துலேர்ந்து பசங்கள வரச் சொல்லவா?"

பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் எழுந்துவிடுகிறேன்.

நான் ஆற்றாத உரையை அஞ்சலாட்சி அடுப்பில் போட்டுவிட்டாள். ஆகவே எஞ்சியிருப்பது இந்த ஒரு கடிதம் மட்டுமே. இதனைத் தூக்கி எறியாமல் தங்களிடம் வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.