லுக்மான் அக்கா

அல் குசைஸ்
9.3.2006

பெருமதிப்பிற்குரிய செய்கு அலாவுதீன் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய லுக்மான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், தங்கள் தங்கை அஸ்மத் பீவி, தையல் மெஷின் மூவரும் நலம். மூன்றாவது ஆள்தான் மிக நலம் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

"நம் வீட்டுப் பெண் அந்நியருக்குத் தைத்துக் கொடுப்பதா, உடனே மெஷினை விற்றுவிடு" என்று தாங்கள் எழுதியது கிடைத்தது. விற்கத்தான் இருந்தேன், அல்லாஹ் அறிவான். அந்த நேரம் பார்த்து, நான் வேலை பார்க்கும் தேரா துணிக்கடைக்கு தில்ஃபூஸா வந்து சேர்ந்தாள். உஸ்பெக்காரி, தாஷ்கண்டில் கடை வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணி எடுக்க இந்த அரபு நாட்டுக்கு விமானத்தில் வருகிறவள். வந்தவள் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, கடை நிறைய ஆள் இருக்க, "லுக்மான் அக்கா!" என்றாள். மச்சான், மீசை வைத்த என்னை! காசாளர் சேதுமாதவன் கல்லாவுக்குள் தலையை விட்டுச் சிரித்தார். மரியாதையில் நாம் குறைந்தவர்களா என்று நானும் "வாங்க அக்கா" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகுதான் அவளுடைய அரைகுறை ஹிந்தியில் விளங்கியது. அண்ணனை நாம் காக்கா என்கிறோம், அவர்கள் அக்கா என்கிறார்கள். முதலெழுத்தில்தான் தகராறு. ஆனால் என் பெயர் போனது போனதுதான்.

அத்தோடு விட்டாளா? என் ஜிப்பாவின் கழுத்துப் பூவேலையைப் பார்த்து, யார் போட்டது என்றாள். உளறிவிட்டேன். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, பத்து நாளில் எண்பது கவுனுக்கு இதே வேலை வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் தங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு "மாஃபி, கலாஸ்", அதாவது இல்லை, முடிந்தது என்று அரபியில் சொன்னேன். அஸ்மத் என் பக்கம் திரும்பவே இல்லை. "இவங்க மாமியா ஒண்ணும் சொல்லலையாமா? கேளுங்க" என்றாள். ஹிந்தியில் கேட்க வேண்டிய பாவி நான். தில்ஃபூஸா புதுப்பெண்ணாக இருந்தபோது தினம் காலையில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் குனிந்து சலாம் வைப்பாளாம். வாசல் தாண்ட மாமியாரின் அனுமதி வேண்டுமாம். புருஷன் வேலை பார்த்த ஃபாக்டரியை மூடினார்கள், இவள் துணி வியாபாரத்துக்குப் பையைத் தூக்கினாள். இப்போது அவர் பிள்ளைகளுக்குச் சோறாக்குகிறார். மாமியார் ஃபோன் போட்டு, "பச்சை எடு, போன தடவை ஊதா போகவில்லை" என்கிறாராம். நான் கொஞ்சம் குறைத்துத்தான் மொழிபெயர்த்தேன். "முழுசாச் சொல்லுங்க. எனக்கும் ஹிந்தி வெளங்கும்" என்றாள் தங்கள் தங்கை.

ஒன்பதே நாள், மச்சான்! எண்பதும் முடிந்தது. சமையல் நான், நூல் வெட்டியது நான். தில்ஃபூஸா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு குறை இல்லை. அஸ்மத் முன் குனிந்து, "லுக்மான் அல்ல, இனி இவள்தான் அக்கா" என்றாள். அவர்கள் பாஷையில் மூத்தவன், நம் பாஷையில் மூத்தவள், இரண்டுமே பொருந்தின. எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. இன்று எங்கள் வாசலில் மேலும் மூன்று உஸ்பெக் பெண்கள் நிற்கிறார்கள். ஆகவே மெஷினை விற்பதற்கில்லை, இன்னொன்றும் வாங்கியாயிற்று. ஆண்பிள்ளையாக நானே எடுத்த முடிவு இது. கோபிப்பதானால் என்னையே கோபியுங்கள்.

வீட்டில் அனைவருக்கும் சலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பொறுமையும் தருவானாக. பொறுமை சற்று முன்கூட்டியே கிடைத்தால் நல்லது.

தங்கள் பணிவுள்ள,
லுக்மான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அஸ்மத் வாங்கிப் படித்தாள். முடிவு என்னுடையதல்ல என்று திருத்தச் சொன்னாள். இரண்டாவது மெஷின் இங்கே இல்லை. தங்கள் மனைவி இன்ஷா பெயருக்குக் கார்கோவில் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஆர்டரில் பாதியை அவர் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு மூன்று வாரம் ஆகிறதாம். வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லி மாடியறையைத் தங்களையே காலி செய்ய வைத்தாராமே, அது இதற்குத்தான்.