காது கொடுக்கும் அறை

மூன்று வாரமாகியும் பதிவேட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது வந்து மனம்விட்டுப் பேசாவிட்டால், அறையைப் பள்ளி பேண்டின் டிரம் வைக்கக் கொடுத்துவிடுவதாகத் தலைமை சிஸ்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பள்ளி மற்ற கத்தோலிக்கப் பள்ளிகள் மாதிரி இல்லை. பிரம்பு கிடையாது, பரீட்சை கிடையாது. மனசில் இருப்பதைக் கொட்ட ஓர் அறை, அதில் ‘கேட்பவர்’ என்று ஒரு மனிதர். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் “சொல்லுங்க, சொல்லுங்க” என்றே காலம் தள்ளியவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவரிடம் பேசுவது குக்கர் மட்டும்தான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். இந்த அறையும் போனால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

திங்களன்று மேஜைமேல் பிஸ்கட் வைத்தார். பிள்ளைகள் வந்தார்கள், “தேங்க்ஸ் சார்” என்றார்கள், போனார்கள். தட்டையும் காணோம்.

செவ்வாயன்று வாசலில் நின்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணை மறித்தார்.

“ஏம்மா, மனசுல ஏதாவது பாரம் இருக்கா?”

“இல்லையே சார். உங்களுக்கு?”

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. மனைவியின் கடைசி மூன்று மாதம், போன் பண்ணாத மகன், தினமும் ஒரே ஒரு தட்டைக் கழுவி வைப்பது. ஒரு மணி நேரம் அந்தப் பெண் அசையவில்லை.

புதனன்று அவள் இரண்டு தோழிகளோடு வந்தாள். இன்று பேசுவதில்லை என்று அவர் வாயில் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டார்.

“அப்புறம் உங்க மகன் என்ன சார் சொன்னாரு?” என்றாள் ஒருத்தி.

பிஸ்கட் போன இடம் தெரியவில்லை. வியாழனன்று பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

வெள்ளியன்று சிஸ்டர் பதிவேட்டைப் பிரித்தார். ‘வந்தவர்’ என்ற இடத்தில் பதினாறு பெயர். ‘சொன்னது’ என்ற இடம் வெறிச்சோடிக் கிடந்தது.

“பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர். பேசினதெல்லாம் நான்தான். பிள்ளைங்க வாயே திறக்கல. டிரம்மை அனுப்பிடுங்க.”

சிஸ்டர் பதினாறு பெயருக்கும் நேரே டிக் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கேட்பவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெருக்க வந்த ஆயாவிடம் கேட்டார்.

“திங்கக்கிழமை நான் வரணுமா, வேண்டாமாம்மா?”

“வராம? இந்தப் பள்ளிக்கூடத்துல ஏது சார் டிரம்மு? அடுத்தவங்க பேசுறதைப் பொறுமையா கேக்குறதுதான் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் பாடம். நீங்க எப்ப வாயைத் திறப்பீங்கன்னு மூணு வாரமா காத்துக்கிட்டு இருந்துச்சுங்க. போன வருஷம் உங்க நாற்காலியில உக்காந்தவரு ஆறே மாசத்துல மனசு தேறி வீட்டுக்குப் போயிட்டாரு.”