பெரியப்பாவின் இருமலை நான் அழித்த விவரம்

அன்பும் மரியாதையும் கலந்த பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த இடத்தில் கேட்க வேண்டும். கடிதத்தை நீங்கள் படித்து முடித்தபின் கேட்கிறேன், அப்போதுதான் சரியான பதில் கிடைக்கும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த பழைய ஒலிநாடாவைக் கெடுத்தேன். பிறகு சரிசெய்தேன். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பியானோ மேதையின் ரசிகர் சங்கச் செயலாளரான அந்தப் பல் டாக்டர், அத்தனை பேர் முன்னாலும் உங்களைக் காட்டி, "பியானோ மெக்கானிக் சுருதி சேர்த்துட்டு வராந்தாவுக்குப் போயிடுவார். மேதை வாசிக்கிறப்ப உள்ளே ஒரு ஈயைக்கூட விட மாட்டார்" என்று சொன்னதும், "அவர் வாசிச்சப்ப நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன், ஞாயித்துக்கிழமை நாடாவைப் போட்டுக் காட்டறேன்" என்று நீங்கள் சபதம் செய்துவிட்டு வந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாடாவில் எது சாட்சி என்று நீங்கள் சொல்லவில்லை. "டேய், தூசி மட்டும் தட்டிக் கொடு, வேற எதுலயும் கை வைக்காதே" என்றீர்கள். இது ஒரு விவரமா? வேலை கொடுக்கிறவர்கள் யாருமே முழு விவரம் சொல்வதில்லை. எங்கள் ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் தினமும் இதே தலைவலிதான்.

அந்த நாடா ஒரு தடவைதான் ஓடும் நிலையில் இருந்தது. ஓடும்போதே மேல்பூச்சு பொடியாக உதிர்ந்து என் மேசையெல்லாம் பழுப்பாகிவிட்டது. கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துக் கேட்டேன். சொன்னால் கோபிக்காதீர்கள், உங்கள் மேதையைப் பற்றி அப்போது எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நாற்காலி கிறீச்சிடுகிறது, மனிதர் மூச்சு வாங்குகிறார், காலால் தரையைத் தட்டுகிறார், அதுவும் கொஞ்சம் தாமதமாக. நடுவில் யாரோ இருமித் தள்ளுகிறார். பியானோ தவிர எல்லாம் சத்தம் என்று குறித்து, ஒரே அமுக்கில் அழித்தேன். அதோடு விட்டிருக்கலாம். இசைக்குறிப்புத் தாளை வைத்து ஒப்பிட்டால், இரண்டாம் பகுதியில் ஒரு வரி ஒருமுறைதான் இருக்கிறது, இவர் நான்குமுறை வாசிக்கிறார். தான் எழுதியதைத் தானே மறந்துவிட்டார், வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு, கூடுதலான மூன்றையும் வெட்டி எறிந்தேன். கண்ணாடி மாதிரி ஆயிற்று. அந்தப் பெருமையில் பெரியம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

பெரியம்மா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்கள். "ரொம்ப நல்லாருக்குடா. உங்க பெரியப்பா எங்கே?"

"வீட்ல இருப்பாரு. ஏன்?"

"அதைக் கேக்கல. இதுக்குள்ள எங்கே? எங்கே உக்காந்தாலும் ரெண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், கடைசியில ஒரு விசில். கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறேன், எனக்குத் தெரியாதா? அது எங்கே போச்சு?"

அப்போதுதான் புரிந்தது. உங்கள் சாட்சியை நானே துடைத்திருக்கிறேன். நல்ல வேளை, அழித்த சத்தத்தையெல்லாம் எங்கள் மென்பொருள் தனிக் கோப்பாக எடுத்து வைக்கும். குப்பைதானே என்று இதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை. திறந்தேன். பியானோ இல்லாமல், வெறும் அந்த அறை. மூச்சை இழுத்து நிறுத்துகிறார், அப்புறம்தான் நாற்காலி முன்னால் நகர்கிறது. காலைத் தாமதமாகத் தட்டுகிறார் என்றேனே, அது தப்பு. பியானோவோடு வைத்துப் பார்த்தால், கையை முன்னால் போகவிட்டுக் காலைப் பின்னால் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் அந்த மெட்டைத் தூங்கும் குழந்தையைப் போலத் தூக்கிப் போகிறார். பிறகு உங்கள் இருமல். அதன் நீளத்தை அளந்து பார்த்தேன், பெரியப்பா. சரியாக மூன்று வரி. நீங்கள் இருமி முடிக்கும்வரை அந்த மனிதர் அதே வரியில் சுற்றிக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கிறார்! வாசிப்பை நிறுத்தினால் உங்களுக்குக் கூச்சமாகிவிடும் என்று நிறுத்தாமல் காத்திருக்கிறார். விசில் அடங்கியதும் பியானோ சத்தத்தில் முன்பு என் காதில் விழாத மெல்லிய குரலில், "மெக்கானிக் சார், ஆச்சா? போலாமா?" என்கிறார்.

அதைத்தான் பிழை என்று வெட்டினேன். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர் சுருதி சேர்க்க வந்தவரின் தொண்டைக்காக மூன்று வரி கூடுதலாக வாசித்திருக்கிறார். படித்த முட்டாள் நான் அவருக்கு மறதி என்றேன். இப்போது அவர் பதிவுகளில் பதினொன்று வாங்கிவிட்டேன். வேலைக்குப் போகும்போதும் கேட்கிறேன், திரும்பும்போதும் கேட்கிறேன். இத்தனை வருஷமாக இவரைப் பற்றி நீங்கள் பேச ஆரம்பித்தாலே நான் எழுந்து போனதற்கு மன்னியுங்கள். நீங்களும் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

வெட்டிய துண்டுகளை ஒட்டி, சத்தத்தையும் பியானோவையும் சேர்த்து முழுசாக்கி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கேட்டு வையுங்கள் என்று செயலாளருக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். இனி ஒரு குறையும் இல்லை. தைரியமாகப் போங்கள்.

பெரியம்மாவின் காதுகளுக்கு என் நமஸ்காரம். உங்கள் தொண்டைக்கும் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
சொன்ன பேச்சைக் கேட்காத உங்கள் தம்பி மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் செயலாளர் போன் செய்தார். நான் அனுப்பியது முழுசான கோப்பு அல்ல. பியானோ இல்லாத வெறும் சத்தக் கோப்பை அனுப்பியிருக்கிறேன். சங்கத்தார் ஒன்பது பேர் கூடி உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் ஒரு நாற்காலியையும் ஒரு மூச்சையும் உங்கள் இருமலையும் கேட்டிருக்கிறார்கள். எவரும் நடுவில் எழுந்து போகவில்லையாம். "வராந்தான்னு சொன்னது என் தப்பு தம்பி. அதை நானே மேடையில சொல்லிடறேன்" என்றார். அதோடு விடவில்லை. "இத்தனை வருஷம் அவரைக் கேட்டிருக்கேன், பக்கத்துல உட்கார்ந்து கேட்டது இன்னிக்குத்தான்." பியானோவை உடனே அனுப்பட்டுமா சார் என்று கேட்டேன்.

"அதுக்கென்ன அவசரம்? இன்னொரு தடவை இதையே கேட்டுக்கறோம்" என்று வைத்துவிட்டார்.