தையல்காரர் வீட்டுப் பூத்தண்டு

ஆர்க்கிட் வளர்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கத்தரிக்காய் வளர்ப்பவரைப் போல நினைத்துவிடாதீர்கள். கத்தரிக்காய்க்காரர் நாலு காய் பறித்துக் கொடுத்து அனுப்புவார். இவர் உட்காரவைத்துப் பேசியே கொல்வார்.

எங்கள் தெருத் தையல்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் ஏதோ ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு, காற்றையும் மழையையும் குடித்துத் தன்பாட்டுக்கு வளரும் செடியை வாங்கிவந்து, மண் ஆகாதென்று மரப்பட்டையும் கரித்துண்டும் போட்டுத் தொட்டியில் உட்காரவைத்து, வெயில் படுகிறதென்று நகர்த்தி, படவில்லையென்று திரும்ப நகர்த்தி, இஸ்திரிக்குத் தண்ணீர் அடிக்கும் புட்டியால் இலை இலையாகத் தூவி மூன்று வருடம் காத்திருந்தார். பூக்கவில்லை. வாய் இருந்தால், "கொஞ்சம் சும்மா விடுங்க" என்று செடி கெஞ்சியிருக்கும். ஆண்டவன் கொடுக்கவில்லை.

நாலாம் வருடம் இலையடியில் பச்சையாய் ஒரு முனை எட்டிப் பார்த்தது. போதாதா? எடுத்தார் இஞ்ச் டேப்பை. காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த அம்மாள் கையைத் தூக்கியபடி நிற்க, இவர் ஜன்னலோரம் குனிந்து, "ரெண்டு நூல், கால் இஞ்ச் வளர்ந்திருக்கு" என்றார்.

"யாரு, நானா?"

"பூத்தண்டும்மா."

"உங்க கையில கள்ளிச்செடிகூடப் பொழைக்காது மாமா" என்று ஊரறியக் கேலி செய்த மச்சானின் வாயை இந்தப் பூதான் அடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லிவிட்டார்.

"பூத்தப்புறம் கூப்பிடலாமே என் தம்பியை" என்றாள் மனைவி.

"தண்டு வந்தாச்சு. பூ வராம எங்க போகும்?"

மச்சானுக்குத் தொழில் குழாய் ரிப்பேர். வந்தான், குனிந்தான். தண்டு கீழ்நோக்கியே இறங்கியதால், மாமா அதைக் குச்சியில் நாடாவால் இழுத்து நிமிர்த்திக் கட்டியிருந்தார்.

"மாமா, இது வேரு."

"செடியைப் பத்தி உனக்கென்னடா தெரியும்?"

"செடியைப் பத்தித் தெரியாது. பதினெட்டு வருஷமா சாக்கடைக் குழாய்க்குள்ள இருந்து வேரைத்தானே இழுத்துப் போடறேன்."

மனைவிக்குத் திடீரென்று அடுக்களையில் வேலை வந்துவிட்டது.

தையல்காரர் மெதுவாக நாடாவை அவிழ்த்தார். வேர் நிம்மதியாகத் தொங்கியது. டேப்பை எடுத்து அதை அளந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பூவுன்னு யாருடா சொன்னது? வேரைப் பார்க்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஏழரை இஞ்ச். யார் வீட்டுல இருக்கு?"

மச்சான் தலையைச் சொறிந்தான். டேப்பின் மறுமுனையைப் பிடித்தான்.

"சரியாப் பிடிங்க மாமா. ஏழே முக்கால்."

பார்த்தீர்களா, பைத்தியம் இவனுக்கும் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் கொடுங்கள். பெற்ற பிள்ளையின் படம் ஆறு, தொட்டியின் படம் அறுபது என்று இருந்தால், கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடாதீர்கள்.