சந்திரம்மா விழவில்லை

மூத்த குடிமக்கள் கிராமத்திலேயே தனியாக, பாதுகாப்பாக, யார் தயவும் இன்றி வாழ்தல் வேண்டும் என்று பிரேசர் டவுன் ஏசி அறையில் எங்கள் அலுவலகம் தீர்மானித்தது. அதன்படி, மாலூர் பக்கத்துக் கிராமத்தில் தனியே இருக்கும் எழுபத்து நான்கு வயது சந்திரம்மாவின் வீட்டில், அவர் கீழே விழுந்தால் தானாகவே ஆம்புலன்ஸை அழைக்கும் கருவியைப் பொருத்தினோம். பூனை தட்டிவிடக் கூடாதே என்று கூரைக்குப் பக்கத்தில் பொருத்தினோம்.

கரண்ட் போய் வந்தால் கருவியின் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த ஊரில் கரண்ட் ஒரு நாளைக்கு ஆறு முறை போகும். ஆகவே, தான் விழுந்தால் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, சந்திரம்மா நாளைக்கு ஆறு முறை ஸ்டூல் மேல் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை விழுந்தார். இடுப்பில் செருகியிருந்த செல்போனில் எங்களைக் கூப்பிட்டார். மேனேஜர் தியோடர் ஸ்பீக்கரில் போட்டார். ரிப்போர்ட் எழுதுகிற நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், ஸ்டூல்லேர்ந்து வுழுந்துட்டேன். கால அசைக்க முடியல. ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

தியோடர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சிஸ்டத்துல நீங்க வுழலையேம்மா."

"மிஷினு ஆஃப்ல கீது சார். அத ஆன் பண்ணத்தான் ஏறுனேன்."

"ஆஃப்ல வுழுந்தா செல்லாதும்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. ஆன் பண்ணிட்டு இன்னொரு தடவ மெதுவா வுழுங்க. ஆம்புலன்ஸ் தானா வந்துரும்."

"திரும்ப வுழணும்னா மொதல்ல எழுந்திரிக்கணுமே சார்."

"ட்ரை பண்ணுங்கம்மா."

சந்திரம்மா ஒரு வார்த்தை சொன்னார். அதை 'பயனாளி கருத்து' என்ற தலைப்பில் பதிந்துகொண்டேன்.

அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வள்ளியம்மா ஓடிவந்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். தொடை எலும்பு முறிந்திருந்தது. வீட்டைப் பூட்ட வந்தவள் ஆத்திரத்தில் துடைப்பக் கட்டையால் பொத்தானை ஒரு குத்து குத்தினாள். கருவி விழித்துக்கொண்டது.

மூன்று நாளாக அந்த வீட்டில் யாரும் விழவில்லை. திட்டத்தின் மாபெரும் வெற்றி என்று ரிப்போர்ட் எழுதினேன்.

நகரத்தில், ஈஜிபுராவில் இருக்கும் சந்திரம்மாவின் மகன் உமேஷுக்கு வள்ளியம்மா போன் செய்தாளாம். "உங்கம்மா ஆஸ்பத்திரில கீறாங்கப்பா."

"இல்லக்கா, அம்மா வீட்ல நல்லா இருக்காங்க. என் போன்ல அந்த மிஷினோட பச்ச லைட்டு எரியுதே."

இதைக் கேட்டதும், இப்படியும் ஒரு பிள்ளையா என்று திட்டித் தீர்த்தேன். அன்று மாலையே, கோலார் பக்கம் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கும் ஒரு கருவி கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிற வேலை மிச்சம்.